ஒரே தராசு, வேறு வேறு மலை

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் பெற்றோருக்கும் சங்கம் நடத்திய கல்விக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சென்ற தவணையில் எங்கள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் கையில் ஒரு பட்டியலை வைத்திருந்தார். சாதாரண தரப் பரீட்சையில் ஒவ்வொரு பாடசாலையும் எத்தனை வீதம் சித்தி என்று அதில் இருந்தது. நகரப் பாடசாலை மேல் வரியில். எங்கள் பாடசாலை கடைசி வரியில். வாசித்து முடித்துவிட்டு, "உங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை. அதுதான் காரணம்" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின் வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார். "ஐயா, கவ்வாத்து வெட்டின மலையில நிக்கிறவளையும் நல்லா வெளஞ்ச மலையில நிக்கிறவளையும் ஒண்ணா நிறுத்து, இவ சோம்பேறின்னு சொன்னா அது நாயமா?" என்று கேட்டார்.

அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்துவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த ஆசிரியர்களான எங்களுக்கும் அந்தத் தாய்க்குத் துணையாக ஒரு வார்த்தை வரவில்லை. ஏதோ பிழை இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே பிழை என்று விளக்கத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் நாங்கள் சிலர் சேர்ந்து இதைப் படிக்கத் தொடங்கினோம். படித்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒப்பிடாதே என்று நாம் சொல்ல வரவில்லை. ஒப்பிடாவிட்டால் நமக்கு என்ன இல்லை என்பதே தெரியாது. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது மற்றத் தொழிலாளியின் சம்பளத்தோடு ஒப்பிட்டுத்தானே பேசுகிறோம்? ஒப்பீடு நமது ஆயுதம். ஆனால் கொழுந்து மடுவத்தில் தராசின் முள்ளைப் பார்க்காமல் நாம் நகர்வதில்லை. கூடைக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்கிறோம். பிள்ளைகளின் படிப்பை நிறுக்கும்போதும் அதே கேள்விகளைக் கேட்கவேண்டும்.

இதற்கென்றே ஒரு கல்வித்துறை உண்டு. ஒப்பீட்டுக் கல்வி என்று பெயர். பிரான்ஸ் நாட்டவரான ஜூலியன் 1817ஆம் ஆண்டிலேயே, பல நாடுகளின் கல்வி நிலையை ஒரே விதமான கேள்விகளைக் கேட்டுப் பதிந்து, பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கவேண்டும் என்று திட்டம் எழுதினார். 1900இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கல் சாட்லர் என்ற கல்வியாளர் ஓர் உரையில், பாடசாலைக்கு உள்ளே நடப்பதைவிட வெளியே இருப்பவைதான் கல்வியை அதிகம் தீர்மானிக்கின்றன என்று எடுத்துரைத்தார். 1964இல் ஜோர்ஜ் பெரடே என்பவர் இந்த வேலையை நான்கு படிகளாகப் பிரித்தார். முதலில் ஒவ்வோர் இடத்திலும் உள்ளதை உள்ளபடி எழுது. அடுத்து, ஏன் அப்படி இருக்கிறது என்று அந்த இடத்தின் வரலாற்றையும் வாழ்க்கையையும் வைத்து விளங்கிக்கொள். மூன்றாவது, இரண்டையும் ஒரே அளவுகோலில் அருகருகே வை. நான்காவதுதான் ஒப்பீடு.

அன்றைய கூட்டத்தில் வாசிக்கப்பட்ட பட்டியல் முதல் மூன்று படிகளையும் தாண்டி நேரே நான்காவதில் ஏறி நின்றது. ஏறி நின்று தீர்ப்பும் சொன்னது. இதை நாங்கள் ஐந்து கேள்விகளாகச் சுருக்கிவைத்திருக்கிறோம். இனி எந்தப் பட்டியல் உங்கள் முன் வந்தாலும் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

முதல் கேள்வி: எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

நமது நாட்டில் பாடசாலைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வரை உள்ளவை 1ஏபி. உயர்தரத்தில் கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. சாதாரண தரத்தோடு நிற்பவை வகை 2. தரம் 5 அல்லது தரம் 8 வரை மட்டும் உள்ளவை வகை 3. தோட்டங்களுக்குள் இருப்பவற்றில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைகள். விஞ்ஞான ஆய்வுகூடமும் பாடத்துக்கு ஓர் ஆசிரியரும் உள்ள 1ஏபி பாடசாலையை, கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத வகை 2 பாடசாலையோடு ஒரே பட்டியலில் வைத்தால், அந்தப் பட்டியல் பிள்ளைகளை நிறுக்கவில்லை. அந்தந்தப் பாடசாலைக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதைத்தான் நிறுக்கிறது.

அப்படியானால் வகை 2 பாடசாலையை இன்னொரு வகை 2 பாடசாலையோடு வைத்துப் பாருங்கள். ஆசிரியர் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரண்டை எடுங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால், அந்த வித்தியாசத்தில் படிப்பதற்கு ஏதோ இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: யாரை எண்ணினீர்கள், யாரை விட்டீர்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாங்கள் போட்ட கணக்கு, எந்தப் பாடசாலையின் கணக்கும் அல்ல.

ஒரு பாடசாலையில் தரம் ஒன்றில் 40 பிள்ளைகள் சேர்ந்தார்கள். வழியில் பலர் நின்றுவிட, 16 பேர்தான் சாதாரண தரம் எழுதினார்கள். 12 பேர் சித்தி. பட்டியலில் 75 வீதம் என்று வரும். இன்னொரு பாடசாலையிலும் 40 பேர் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை நிறுத்திவைத்தார்கள். 32 பேர் எழுதினார்கள். 16 பேர் சித்தி. பட்டியலில் 50 வீதம். பட்டியலைப் பார்த்தால் முதல் பாடசாலைதான் சிறந்தது. சேர்ந்த 40 பேரை வைத்துப் பார்த்தால், முதலாவதில் கரை சேர்ந்தவர்கள் 30 வீதம், இரண்டாவதில் 40 வீதம். எது நல்ல பாடசாலை?

எழுதியவர்களை மட்டும் எண்ணும் கணக்கில், இடைவிலகிய பிள்ளை இல்லாத பிள்ளை ஆகிவிடுகிறது. கொழும்பில் கடையில் நிற்கும் பையனும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் பிள்ளையும் எந்த வீதத்திலும் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இதுதான் நடக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளை நகரப் பாடசாலைக்குப் போகிறது. ஐந்து வருடம் எழுத்தறிவித்தது தோட்டப் பாடசாலை. ஆனால் சாதாரண தரச் சித்தி நகரப் பாடசாலையின் கணக்கில் ஏறுகிறது. பறித்தவர் ஒருவர், பேர் போடுவது இன்னொருவருக்கு!

இது இங்கே மட்டும் நடப்பதல்ல. பீசா என்று உலக அளவில் ஒரு பரீட்சை உண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து பல நாடுகளின் 15 வயது மாணவர்களை வாசிப்பு, கணிதம், விஞ்ஞானம் ஆகிய மூன்றிலும் சோதிக்கிறார்கள். 2009இலும் 2012இலும் சீனாவின் ஷங்காய் நகரம் மூன்றிலும் முதலிடம் பெற்றது. உலகமே வியந்தது. பிறகு ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஷங்காயில் கட்டடம் கட்டவும் தொழிற்சாலைகளில் வேலை செய்யவும் கிராமங்களிலிருந்து வந்த இலட்சக்கணக்கான தொழிலாளர்களின் பிள்ளைகள் இந்தக் கணக்கில் எங்கே? சீனாவின் குடும்பப் பதிவு முறையால், அந்தப் பிள்ளைகளில் பலர் உயர்நிலைப் பாடசாலை வயது வந்ததும் நகரத்தைவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நகரத்தின் புள்ளி உயர்வாக இருந்தது உண்மை. அந்தப் புள்ளிக்குள் தொழிலாளியின் பிள்ளைகள் பலர் இல்லை என்பதும் உண்மை. இதைக் கேட்டபோது நமக்கு அது தூரத்து நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

மூன்றாவது கேள்வி: சராசரிக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள்?

பல்கலைக்கழக அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் நாடு முழுவதற்குமான தகுதி அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16க்குள் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது நிறுப்பது மாவட்டத்தை. ஒரே மாவட்டத்துக்குள் நகரத்துப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். மாவட்டம் பின்தங்கியது என்பதால் கிடைத்த இடத்துக்கு, அந்த மாவட்டத்தில் மிகவும் பின்தங்கியிருக்கும் பிள்ளை போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கடலுக்கு அப்பால் மூணாறு. கேரள மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்கள். அங்கேயும் நம்மைப் போலத் தமிழ்த் தொழிலாளர்கள். 2011ஆம் ஆண்டு இந்தியக் குடிசன மதிப்பீட்டில் எழுத்தறிவில் முதலிடம் கேரளத்துக்கு. அதை வைத்து மூணாறு லயத்தில் பிறந்த பிள்ளையின் படிப்பை யாராவது சொல்லிவிட முடியுமா? முடியாது. மாநிலத்தின் சராசரி மலைக்குள் ஏறி வராது. உண்மையில் நமக்குப் பயன்படும் ஒப்பீடு, மூணாறு லயத்துப் பிள்ளையையும் நம் லயத்துப் பிள்ளையையும் அருகருகே வைப்பது. மொழி ஒன்று, தொழில் ஒன்று, அரசும் சட்டமும் வேறு. 1951ஆம் ஆண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 6 முதல் 12 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், மாநில அரசு விதி செய்து, கல்வி வசதி செய்துதரும்படி முதலாளியை நிர்ப்பந்திக்கலாம் என்று இருந்தது. மற்றவை ஒன்றாக இருந்து ஒன்றிரண்டு விஷயம் மட்டும் வேறாக இருந்தால்தான், எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

நமது நாட்டுப் புள்ளிவிபரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறார்கள். 20 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்து, 10 தொழிலாளர்களாவது வசிக்கும் இடம்தான் தோட்டம். படித்து வேலை கிடைத்து, நகரத்தில் வீடு எடுத்துப் போன நம் பிள்ளை, போன நாளிலிருந்து நகரக் கணக்கில். ஆகவே "தோட்டத்துறை முன்னேறவில்லை" என்று ஓர் எண் சொன்னால், முன்னேறியவர்கள் அந்த எண்ணைவிட்டு வெளியே போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

நான்காவது கேள்வி: பாடசாலை வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது?

1907இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த கிராமியப் பாடசாலைகள் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் கையில் விட்டது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் பெயரை நாமும் நன்றியோடு சொல்கிறோம். ஆனால் அந்த ஓட்டத்தில் தோட்டப் பாடசாலைகள் சேர்க்கப்படவில்லை. 1948இல் நமது மூதாதையர் குடியுரிமையை இழந்தார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பெரும் எண்ணிக்கையில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். முப்பது வருடம் முன்னே புறப்பட்ட வண்டியோடு ஒப்பிட்டு, இந்த வண்டி ஏன் பின்னால் நிற்கிறது என்று கேட்பவர், இரண்டும் எப்போது புறப்பட்டன என்பதையும் சொல்லவேண்டும்.

இது வரலாறு. அன்றாடத்தைப் பாருங்கள். பிரட்டுக்குப் போகும் தாய் விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு ஓடுகிறாள். பிள்ளை தானாகவே புறப்படுகிறது. எத்தனை கிலோமீற்றர் நடக்கிறது? மழைநாளில் ஓடையைக் கடக்க முடிகிறதா? மாலையில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும்போது எங்கே உட்கார்ந்து எழுதுகிறது? வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்றால் யாரைக் கேட்கிறது? நகரத்துப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. அந்த டியூஷனில் படித்ததும் நகரப் பாடசாலையின் புள்ளியில்தான் சேர்கிறது. சாட்லர் 1900இல் சொன்னது இதைத்தான்.

இதற்கு ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிள்ளை எங்கே முடிந்தது என்பதை மட்டும் பார்க்காமல், எங்கே தொடங்கியது என்பதையும் குறித்துக்கொள்வது. தரம் ஆறில் எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளை தரம் ஒன்பதில் பத்திரிகை வாசிக்கிறது என்றால், அந்தப் பாடசாலை ஏதோ செய்திருக்கிறது. தொடக்கம் எழுதப்படாத இடத்தில் வளர்ச்சியை யாராலும் காட்ட முடியாது.

ஐந்தாவது கேள்வி: எண் சொல்லாததை யாரிடம் கேட்டீர்கள்?

வரவு இடாப்பில் ஒரு பிள்ளைக்கு மாதத்தில் எட்டு நாள் வரவில்லை என்று இருக்கும். எட்டு என்ற எண் காரணத்தைச் சொல்லாது. எங்கள் பாடசாலையில் அப்படி ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். சப்பாத்து ஒன்றுதான், அண்ணனும் தம்பியும் மாறி மாறிப் போடுகிறார்கள். அதை அந்தப் பிள்ளை வகுப்பில் சொல்லவில்லை. வெட்கம். "அக்கறை இல்லாத பெற்றோர்" என்று நாங்களே ஆசிரியர் அறையில் பேசிய குடும்பம் அது.

ஆகவே எண்ணுவது பாதி வேலை. வகுப்பறையில் உட்கார்ந்து பார்ப்பதும், தாயிடமும் பிள்ளையிடமும் பேசுவதும் மறுபாதி. அதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். இரண்டு தோட்டத்தில் கேட்கும்போது ஒரே கேள்வியை ஒரே சொல்லில் கேட்கவேண்டும். "பிள்ளை ஒழுங்காகப் போகிறதா?" என்று ஒருவரையும் "போன வாரம் எத்தனை நாள் போனது?" என்று இன்னொருவரையும் கேட்டால், பதில்களை அருகருகே வைக்க முடியாது. சிங்கள மொழிப் பாடசாலையோடு ஒப்பிடும்போது, வினாத்தாளின் தமிழாக்கம் அதே அளவு இலகுவாக இருந்ததா என்பதையும் பார்க்கவேண்டும்.

தோழர்களே, இதுவரை சொன்னது நமக்குச் சாதகமாக இருக்கிறது. கைதட்டுகிறீர்கள். ஆனால் தராசைச் சரிசெய்தால் அது நமக்கு எதிராகவும் சாயலாம் என்பதற்குத் தயாராக இருக்கவேண்டும்.

நம்மைப் போன்ற ஒரு தோட்டம், அதே வகைப் பாடசாலை, அதே வறுமை, ஆனால் பிள்ளைகள் நம்மைவிட அதிகம் கரை சேர்கிறார்கள் என்று வந்தால் என்ன சொல்வோம்? அப்போது தூரத்தையும் வரலாற்றையும் காட்டித் தப்ப முடியாது. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஒரு வாரம் பிள்ளையை நிறுத்திவைத்தோமா, சம்பள நாள் மாலையில் வீட்டில் பிள்ளை படிக்கக்கூடிய அமைதி இருந்ததா என்று பார்க்கவேண்டும். ஆசிரியர்களான எங்கள் வரவு இடாப்பையும் அதே மேசையில் வைக்கவேண்டும். பஸ்ஸைக் காரணம் சொல்லி நாங்கள் பிந்திவந்த நாட்கள் அதில் இருக்கின்றன. எங்களில் சிலர் இடமாற்றம் கேட்டு நகரத்துக்குப் போனதும் இருக்கிறது. நமக்குப் பிடித்த விடை வரும்போது மட்டும் தராசை நம்புகிறவர்களின் பேச்சை நாளை யாரும் கேட்கமாட்டார்கள்.

சரி, இனி என்ன செய்யப்போகிறோம்? ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் ஒரு தாள் தருகிறோம். அதில் ஆறு விடயங்கள்தான் இருக்கின்றன.

பதினொரு வருடத்துக்கு முன் தரம் ஒன்றில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். அதிபரிடம் அனுமதி கேட்டு, சேர்விடாப்பிலிருந்து எடுக்கவேண்டும். அவர்களில் இப்போது இங்கே படிப்பவர்கள், வேறு பாடசாலைக்குப் போனவர்கள், படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர். இந்த மூன்றையும் கலக்கவேண்டாம். வேறு பாடசாலைக்குப் போனவர் இடைவிலகியவர் அல்ல. மூன்றாவது, விட்டவர்கள் எந்தத் தரத்தில் விட்டார்கள், ஏன். சட்டப்படி 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால் இது முக்கியம். நான்காவது, எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை. ஐந்தாவது, பிள்ளை நடக்கும் தூரமும் நேரமும். ஆறாவது, தாய்மாரிடம் ஒரே கேள்வி: "பிள்ளை பாடசாலைக்குப் போகாத கடைசி நாளில் ஏன் போகவில்லை?"

ஒரு கட்டுப்பாடு உண்டு. தாளில் எந்தப் பிள்ளையின் பெயரும் எழுதக்கூடாது. இலக்கம் மட்டும். எந்த வீட்டில் என்ன கேட்டோம் என்பதைப் பீலிக்கரையில் பேசக்கூடாது. விருப்பமில்லாத வீட்டை வற்புறுத்தக்கூடாது. நம்மை எண்ணாகப் பார்த்தவர்கள் செய்த பிழையை நாம் நம் மக்களுக்குச் செய்யக்கூடாது.

இரண்டு தோட்டங்களாகச் சோடி சேர்த்து, அளவிலும் தூரத்திலும் பாடசாலை வகையிலும் ஒத்தவற்றை அருகருகே வைத்துப் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போவோம். "எங்களுக்கும் ஆசிரியர் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கிறோம்" என்ற பதில்தான் வரும். "இந்த இரண்டு பாடசாலைகளும் எல்லாவற்றிலும் ஒன்று. ஒன்றில் கணித ஆசிரியர் இருந்தார், மற்றதில் இத்தனை மாதம் இல்லை. கரை சேர்ந்த பிள்ளைகளின் தொகை இப்படி இருக்கிறது" என்று தாளோடு போனால், அவர்களும் தாளோடுதான் பதில் சொல்லவேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் யாராவது பட்டியலை வாசிக்கலாம். அந்தத் தாய் மறுபடியும் எழுந்து கேட்பார். அப்போது அவர் தனியாக நிற்கக்கூடாது. அவருக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, எந்த மலை எப்படிப்பட்டது என்று நாம் எடுத்த கணக்கை வாசிக்க, ஆசிரியர்களான நாங்களும் தலைவர்களான நீங்களும் இருக்கவேண்டும்.

தாள்களை வெளியே மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த மாதச் சந்தாக் கூட்டத்துக்கு நிரப்பிக்கொண்டு வாருங்கள்.